ஆறாவது கோரிக்கை

2025 நவம்பரில் எங்கள் ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். பிப்ரவரியில் வரவிருந்த ஒன்றிய நிதிநிலை அறிக்கையை முன்னிட்டு நிதி அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய மனு அது. கோரிக்கைகள் ஆறு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று வரியில் காரணம் எழுத வேண்டும். முதல் ஐந்தும் ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோனவை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவற்றுக்குரிய காரணங்களை ஒப்பித்துவிடுவேன். ஆறாவது மட்டும் புதியது. 'மாதச் சம்பளக்காரர்கள் வாங்கும் கார்க் கடனின் வட்டியை அவர்களுடைய வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும்' என்பது அதன் வாசகம். அதைச் சேர்க்க வேண்டும் என்று செப்டம்பர் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவள் நான்தான். கைதட்டல்கூடக் கிடைத்தது. அப்படியிருந்தும், ஐந்துக்கும் அரைமணி நேரத்தில் காரணம் எழுதி முடித்த நான், ஆறாவதன் கீழே ஒரு வரிகூட எழுத முடியாமல் இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்தேன். ஏன் முடியவில்லை என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அந்த ஆண்டு தை மாதம் நானும் எங்கள் மாடி வீட்டு அண்ணாச்சியும் ஒரே வாரத்தில் ஒரே கார் வாங்கினோம். ஷோரூம் ஒன்று, மாடல் ஒன்று, நிறமும் வெள்ளைதான். அண்ணாச்சி தம் வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டதால் அடையாளம் தெரிந்தது. கடனும் ஒரே வங்கியில்: 8 லட்சம் ரூபாய், 9 சதவீத வட்டி, 84 தவணை, மாதம் 12,871 ரூபாய். நான் வேலை பார்க்கும் அரசுக் கலைக் கல்லூரி மதுரையிலிருந்து 38 கிலோமீட்டர். காலை 7.40 பேருந்தை விட்டால் அடுத்தது 8.35, அதில் ஏறினால் முதல் வகுப்பு போய்விடும். பதினோரு ஆண்டு அந்த 7.40-இல் பாதி நாள் நின்றுகொண்டே போய் வந்து, இடுப்பு வலி நிரந்தரமாகத் தங்கிவிட்ட பிறகுதான் கார் வாங்கும் துணிவு வந்தது. அண்ணாச்சிக்குக் கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். அங்கே ஒரு லாரி நின்று மூட்டை இறக்கினால் நடந்து போகிறவரே ஒதுங்கி வழி தேட வேண்டும். காரைக் கொண்டுபோய் நிறுத்துவது நடக்கிற காரியமில்லை. ஆகவே அவர் இன்றும் கடைக்குத் தம் பழைய மொபெட்டில்தான் போகிறார். கார், வார நாளில் பேத்தியின் பள்ளிக்கும், ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூருக்கும் போய் வருகிறது.

ஆடிட்டர் அறையில்

எங்கள் இருவருக்கும் ஆடிட்டரும் ஒருவரே. அந்த ஆண்டு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளை ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளியிருந்தார்கள். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் கல்லூரி தரும் சான்றான படிவம் 16-ஐ எடுத்துக்கொண்டு போனேன். கூடவே வங்கி தந்த தவணை அட்டவணையையும் கொண்டுபோயிருந்தேன். முதல் 12 மாதத்தில் நான் கட்டும் ஒன்றரை லட்சம் சொச்சத்தில் ஏறத்தாழ 68,500 ரூபாய் வட்டிக்கே போகிறது என்று அதில் இருந்தது. வீட்டுக் கடனுக்கு, பல கழிவுகளை அனுமதிக்கும் பழைய வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டிக்கழிவு உண்டு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். காருக்கும் ஏதாவது இருக்காதா என்று ஒரு நப்பாசை. ஆடிட்டர் அந்தத் தாளைக் கையிலேயே வாங்கவில்லை. "சம்பளக்காரருக்குக் கார் வட்டியெல்லாம் கிடையாது மேடம்" என்றார். அவர் மேசையில் விரித்திருந்த கோப்பின் மேலட்டையில் அண்ணாச்சி கடையின் பெயர் இருந்தது. உள்ளே அதே வங்கியின் அதே அட்டவணை, பென்சிலால் டிக் அடிக்கப்பட்டு, கடைச் செலவில் ஏறிக்கொண்டிருந்தது.

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். வியாபாரிக்கு வரி, லாபத்தின் மேல். லாபம் ஈட்டுவதற்காக வாங்கிய கடனின் வட்டி செலவாகும். அதைக் கழித்துக்கொள்ள, அப்போது நடப்பிலிருந்த 1961 வருமான வரிச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு இடம் தந்தது. வட்டியோடு முடிவதுமில்லை. காரின் மதிப்பில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம், பெட்ரோல், இன்சூரன்ஸ் எல்லாமே கடைக் கணக்குதான். "அந்தக் கார் கடைப் பக்கமே போவதில்லையே சார்" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சொந்த உபயோகமும் கலந்திருந்தால் நியாயமான பங்கை மட்டுமே கழிக்க வேண்டும் என்று 38-ஆம் பிரிவு சொல்வதையும் அவரே சொன்னார். பிறகு, "கிலோமீட்டரை யார் மேடம் எழுதி வைக்கிறார்கள்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. என் கார் ஒரு நாளில் ஓடும் 76 கிலோமீட்டரும் சம்பளம் ஈட்டுவதற்காக ஓடுபவை. அண்ணாச்சியின் கார் பேத்தியைப் பள்ளியில் விடுவதற்காக ஓடுகிறது. சட்டத்தின் கண்ணில் அவருடையது தொழிற்செலவு, என்னுடையது சொகுசு. இதை ஆடிட்டரிடம் கேட்டபோது, உங்கள் போக்குவரத்துக்குத்தான், சம்பளத்திலிருந்து ஒரே தொகையாகக் கழித்துக்கொள்ளும் நிலைக்கழிவு இருக்கிறதே என்றார். அதற்குரிய வரலாற்றையும் சொன்னார். முன்பு சம்பளக்காரருக்கு மாதம் 1,600 ரூபாய் போக்குவரத்துப் படிக்கு வரி கிடையாது. 2018 நிதிநிலை அறிக்கையில் அப்போதைய நிதி அமைச்சர் அருண் ஜேட்லி அதையும் 15,000 ரூபாய் மருத்துவச் செலவுச் சலுகையையும் எடுத்துவிட்டு, ரசீது எதுவும் கேட்காமல் 40,000 ரூபாய் நிலைக்கழிவு கொடுத்தார். மறு ஆண்டு அது 50,000 ஆயிற்று. 2024 ஜூலையில், கழிவுகளையும் வீதத்தையும் குறைத்த புதிய வரி முறையில் 75,000 ஆயிற்று. பேருந்தில் போகிறவருக்கும் அதே தொகை, காரில் போகிறவருக்கும் அதே தொகை. அன்று இந்த விளக்கம் எனக்குச் சமாளிப்பாகத்தான் பட்டது.

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியவர் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் என் கொழுந்தனார். அவர் கார் வாங்கவே இல்லை. நிறுவனம் அவருக்காகக் காரைக் குத்தகைக்கு எடுத்து, அந்தத் தொகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறது. பிடித்தது போக மிச்சம்தான் அவருக்கு வரிக்குரிய சம்பளம். காரை அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்துப் பயன்படுத்துவதாகக் கணக்கு, 1.6 லிட்டருக்கு உட்பட்ட எஞ்சின் என்றால் அப்போதைய விதிப்படி மாதம் 1,800 ரூபாயை மட்டும் வருமானத்தில் சேர்த்துக் காட்டினால் போதும். வட்டி என்ன, அசலுக்கே வரி கட்ட வேண்டாம் என்றாகிவிட்டது. "அண்ணி, நீங்க இன்னும் லோன்ல வாங்குறீங்களா?" என்று அவர் கேட்டதில் கேலி இல்லை, உண்மையான வியப்புதான் இருந்தது. அரசுக் கல்லூரி எனக்குக் கார் குத்தகைக்கு எடுத்துத் தரப்போவதில்லை.

ஒஹாயோவிலிருந்து ஒரு தொலைபேசி

செப்டம்பர் கூட்டத்தில் நான் எழுந்து பேசியதற்கு உடனடிக் காரணம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் என் அண்ணன் மகன். அவனும் அந்த ஆண்டு ஒரு புதிய ஹோண்டா அக்கார்டு வாங்கியிருந்தான். "அத்தை, இங்கே கார் லோன் வட்டிக்கு டேக்ஸ் கழிச்சுக்கலாம்னு சட்டம் போட்டுட்டாங்க" என்றான். உண்மைதான். 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டத்தில், 2025 முதல் 2028 வரை ஆண்டுக்கு 10,000 டாலர் வரை கார்க் கடன் வட்டியைக் கழித்துக்கொள்ள இடமுண்டு. அமெரிக்காவே கொடுக்கும்போது நாம் கேட்டால் என்ன என்று கூட்டத்தில் முழங்கினேன். சட்டத்தின் நிபந்தனைகளை அதற்குப் பிறகுதான் படித்தேன். ஒழுங்கு முறைப்படி முன்பே படித்திருக்க வேண்டும்.

அங்கே பழைய காருக்குக் கிடையாது, குத்தகைக் காருக்கும் கிடையாது. கார் அமெரிக்க மண்ணில் கடைசியாகப் பொருத்தி முடிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதன் அடையாள எண்ணை வரிப் படிவத்தில் எழுத வேண்டும். தனிநபர் வருமானம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால் சலுகை குறையத் தொடங்கி, போகப் போக இல்லாமலே ஆகிவிடும். மருமகனுடைய அக்கார்டு ஜப்பானியப் பெயரைத் தாங்கியிருந்தாலும் ஒஹாயோவின் மேரிஸ்வில்லில் செய்யப்பட்டது. ஆகவே அவனுக்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய ஃபோர்டு மேவரிக் அசல் அமெரிக்கப் பெயர், ஆனால் மெக்சிகோவில் பொருத்தப்படுவது. ஆகவே அவருக்கு இல்லை. அவனுடைய 34,000 டாலர் கடனுக்கு முதல் ஆண்டு வட்டி ஏறத்தாழ 2,000 டாலர். 22 சதவீத வரிப் படியில் இருக்கிறவனுக்கு மிச்சம் 440 டாலர். 10,000 டாலர் வட்டி கட்ட வேண்டுமானால், 7 சதவீத வட்டியில் ஒன்றரை லட்சம் டாலர் வாக்கில் கடன் வாங்க வேண்டும். அந்த விலைக்குக் கார் வாங்குகிறவர் பெரும்பாலும் வருமான வரம்பைத் தாண்டியிருப்பார். எட்டாத உயரத்தில் கட்டிய உறி அது.

இதில் என்னை நிறுத்திய செய்தி வேறு. இதே அமெரிக்காவில் 1986-க்கு முன் கார்க் கடன், கடன் அட்டை எல்லாவற்றின் வட்டிக்கும் கழிவு இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ரீகன் கையெழுத்திட்ட வரிச் சீர்திருத்தச் சட்டம் சொந்தச் செலவுக் கடன்களின் வட்டிக்கழிவைப் படிப்படியாக நீக்கிவிட்டது. வீட்டுக் கடனுக்கு மட்டும் விட்டுவைத்தது. பிறகு நடந்ததை ஊகிப்பது கடினமில்லை: வீட்டை ஈடு காட்டிக் கடன் வாங்கி அந்தப் பணத்தில் கார் வாங்கத் தொடங்கினார்கள். கழிவு எங்கே இருக்கிறதோ அங்கே கடன் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. 2025-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோதும், உள்நாட்டுத் தொழிற்சாலைக்கு என்று ஒரு காரணம் சொல்ல அவர்களுக்கு இருந்தது.

நம் நாட்டிலும் அப்படி ஒரு முறை கொடுத்ததுண்டு. 2019 ஜூலை நிதிநிலை அறிக்கையில் நிர்மலா சீதாராமன் மின்சார வாகனக் கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை கழிவு தந்தார். 80இஇபி என்பது பிரிவின் பெயர். 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டும். எங்கள் இயற்பியல் துறைப் பேராசிரியர் 2022-இல் மின்சாரக் கார் வாங்கி, அந்தக் கழிவுக்காகவும் வீட்டுக் கடனுக்காகவும் இன்னும் பழைய வரி முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதற்கும் ஒரு காரணம் இருந்தது: மக்கள் பெட்ரோலை விட்டு மின்கலத்துக்கு மாற வேண்டும். நான் ஆறாவது கோரிக்கையின் கீழே எழுத வேண்டிய காரணம் என்ன? அண்ணாச்சிக்குக் கிடைக்கிறது, எனக்கும் வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் என் கையில் அகப்படவில்லை.

3,150 ரூபாய்

மனுவின் நகலை மறுநாள் ஓய்வறையில் மேசைமேல் வைத்திருந்தேன். எங்கள் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் பெண் ஒருத்தி அதை எடுத்துப் படித்தாள். நான் எடுக்கும் அதே பாடம், அதே எண்ணிக்கை மாணவர்; சம்பளம் மாதம் 25,000 ரூபாய். முனைவர் பட்டம் பெற்றவள். படித்து முடித்துத் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, "கார் மட்டுந்தானா மேடம், ஸ்கூட்டர் வராதா?" என்று கேட்டாள். கிண்டலில்லை, அவள் ஸ்கூட்டர் வாங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. வட்டி எத்தனை சதவீதம் என்று கேட்டேன். "அது தெரியலை மேடம். மாசம் 3,150 கட்டுறேன், மூணு வருஷம்" என்றாள்.

80,000 ரூபாய் கடன். விற்ற இடத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்த நிதி நிறுவனம் ஒன்றின் ஆள் அரைமணியில் முடித்துக் கொடுத்ததாம். 36 தவணை கட்டினால் 1,13,400. அதாவது 33,400 ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 14 சதவீதத்துக்குள்தானே வருகிறது என்று அவள் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். முழுக் கடனும் மூன்று ஆண்டும் நிலுவையில் நிற்பதாக வைத்துப் போடும் கணக்கு அது. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால் உண்மை வட்டி 24 சதவீதத்தைத் தொடுகிறது. கைபேசியில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்; அதே விடைதான் வந்தது. அவளிடம் அந்த எண்ணைச் சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. சொன்ன பிறகு அவள் அதிகமாக எதுவும் பேசவில்லை. "பஸ் நேரத்துக்கு வந்தா வாங்கியே இருக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மூன்றாம் மணி வகுப்புக்குப் போய்விட்டாள்.

அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே அன்று மாலை கணக்குப் போட்டேன். கேட்டது அப்படியே கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில், நிலைக்கழிவையும் சேர்த்து 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு வரியே இல்லை; வரியே இல்லாதவருக்கு வரிக்கழிவால் வருவது பூஜ்யம். 24 சதவீத வட்டி கட்டும் அந்தப் பெண்ணுக்கு, ஸ்கூட்டரையும் சேர்த்தே கேட்டிருந்தாலும், ஒரு ரூபாய் கிடைக்காது. 15 சதவீதப் படியில் இருக்கும் எனக்கு முதல் ஆண்டில் 68,500-க்கு, செஸ் என்னும் கூடுதல் வரியோடு சேர்த்து ஏறத்தாழ 10,700 ரூபாய் மிச்சமாகும். ஆண்டு வருமானம் 24 லட்சத்தைத் தாண்டி மேல்படியில் இருக்கும் கொழுந்தனார் குத்தகையை விட்டுவிட்டு இதே கடனை வாங்கியிருந்தால் அவருக்கு 21,400 ரூபாய் மிச்சம். ஒரே கார், ஒரே கடன், ஒரே வட்டி. வருமானம் ஏற ஏற அரசாங்கம் கூடுதலாகக் கைகொடுக்கிறது. பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்பார்கள் என்று சொல்வதுண்டு. நான் எல்லாச் சம்பளக்காரர் பெயரையும் சொல்லி என் இலைக்கும் எனக்கு மேல் வரிசையில் இருந்த இலைகளுக்கும் மட்டும் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் அந்த மாலையில்தான் உறைத்தது. எங்கள் தமிழ்த்துறை ஐயா ஒருவர் ஆறு ஆண்டு தொடர்வைப்பில் மாதாமாதம் பணம் போட்டுச் சேர்த்து, 2024-இல் முழுப் பணமும் கட்டிக் கார் எடுத்தார். அந்தத் தொடர்வைப்பில் அவருக்கு வந்த வட்டிக்கு ஆண்டுதோறும் வரி கட்டியிருக்கிறார். பொறுத்திருந்து சேர்த்தவர் வாங்கிய வட்டிக்கு வரி. பொறுக்காமல் வாங்கிய நான் கொடுத்த வட்டிக்குக் கழிவு. இப்படி ஒரு ஏற்பாட்டை அவர் முகத்தைப் பார்த்து என்னால் நியாயப்படுத்த முடியாது. உண்மையில் என் கோரிக்கை கார் வைத்திருப்பவருக்கானதே அல்ல, கடன் வைத்திருப்பவருக்கானது. கார் வாங்குகிறவருக்குத்தான் அரசு உதவ வேண்டுமென்றால் அதற்கு நேர்வழி இருக்கிறது. செப்டம்பர் 22 அன்று அதைச் செய்தும் விட்டார்கள். சிறிய பெட்ரோல் கார்களுக்கு செஸ்ஸோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. 7 லட்ச ரூபாய்க் காரில் ஏறத்தாழ 60,000 ரூபாய் குறைவு. ரொக்கம் கொடுத்தாலும், கடன் வாங்கினாலும், வரிப் படி எதுவானாலும் அதே 60,000. ஏழு ஆண்டு வட்டி முழுவதுக்கும் கழிவு கிடைத்தாலும் என் படியில் மொத்தம் 44,000 தாண்டாது. எட்டு மாதம் முந்தி வாங்கிய எங்கள் இருவருக்கும் அதில் பங்கில்லை என்பது தனிச் சோகம். அன்று காலை மாடிப்படியில் அண்ணாச்சி, "கொஞ்சம் பொறுத்திருக்கலாம் டீச்சரம்மா" என்று பெருமூச்சு விட்டார். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

அண்ணாச்சி மேல் எனக்கு இருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடைக்கு ஓடாத கார் கடைக் கணக்கில் இருப்பது இன்றும் தவறு என்றுதான் நினைக்கிறேன். 38-ஆம் பிரிவில் இருந்த 'நியாயமான பங்கு' என்ற சொல்லுக்கு உயிர் கொடுக்க ஓடுமானியின் படம் ஒன்றை ஆண்டுக்கு இரண்டு முறை கேட்டு வாங்கினாலே போதும். கொழுந்தனாரின் 1,800 ரூபாய்க் கணக்கும் ஏமாற்று வேலைதான், சட்டம் அனுமதித்த ஏமாற்று வேலை. ஆனால் அவர்கள் இருவருக்கும் கிடைக்கக் கூடாதது கிடைக்கிறது என்பதே என் குறை என்றால், கேட்க வேண்டியது அதை அடைக்கச் சொல்லித்தான். எனக்கும் ஒரு ஓட்டை போட்டுக் கொடுங்கள் என்று கேட்பது எப்படி அதற்கு மருந்தாகும்? ஆடிட்டர் சொன்ன நிலைக்கழிவு, சமாளிப்பாகத் தோன்றிய அந்த 75,000, இப்போது எனக்கு நேர்மையான வழியாகப் படுகிறது. அது வரி கட்டாத அந்தப் பெண்ணுக்கு எட்டாதுதான், என் படியிலும் கொழுந்தனார் படியிலும் ஒரே அளவாக இறங்காது என்பதும் உண்மைதான். ஆனாலும் 7.40 பேருந்தில் நின்று போகிறவரையும் காரில் போகிறவரையும், கடனாளியையும் சேமித்தவரையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆறாவது கோரிக்கையை அடித்துவிட்டு, அந்த இடத்தில் நிலைக்கழிவை விலைவாசியோடு சேர்த்து ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துச் செயலாளர் அழைத்தார். கூட்டத்தில் எல்லாரும் கைதட்டி ஏற்றுக்கொண்ட தீர்மானம், ஒருவர் தனியாக எடுக்க முடியாது என்றார். அவர் சொன்னது முறைதான். தீர்மானத்தை நான்தானே கொண்டுவந்தேன் என்றேன். அதனால்தான் இன்னும் எடுக்க முடியாது என்றார். "கேட்டு வைப்போம் மேடம், கொடுக்கவா போகிறார்கள்?" காரணம் மட்டும் வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். யாருக்கும் நேரமில்லை போலிருக்கிறது. டிசம்பரில் அனுப்பிய மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது: என்னுடைய நிலைக்கழிவு ஏழாவதாக இறங்கியிருக்கிறது, ஐந்து கோரிக்கைகளின் கீழும் ஏழாவதன் கீழும் நான் எழுதிய காரணங்கள் இருக்கின்றன, ஆறாவதன் கீழே இரண்டு விரற்கடை இடம் வெறுமையாக விடப்பட்டு, அதற்குப் பிறகு எல்லாருடைய கையொப்பங்களும் தொடங்குகின்றன. மூன்றாவது கையொப்பம் என்னுடையது.